தங்கம் (111) மேல் தாமிர தாலோசயனைன்: படியவைத்த பின் எஸ்டிஎம் படம் முழுக்கக் கோடுகள்

கொறுக்குப்பேட்டை எஸ்டிஎம் (கேள்வி)

வணக்கம். தங்கம் (111) ஒற்றைப் படிகத்தின் (111 என்பது படிக முகத்தின் குறியீடு) மேல் தாமிர தாலோசயனைனை (நடுவில் தாமிர அணுவும் சுற்றி நான்கு இதழும் உள்ள தட்டையான மூலக்கூறு) படியவைத்து எஸ்டிஎம்-இல் (ஊசிமுனைக்கும் மேற்பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தால் படமெடுக்கும் நுண்ணோக்கி) பார்க்க முயல்கிறோம். ஒரு மூலக்கூறுகூடத் தெளிவாகத் தெரியவில்லை. விவரம் முழுவதையும் தருகிறேன், எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அளவீட்டு அறையின் அடிப்படை அழுத்தம் 3×10⁻¹⁰ மில்லிபார், தயாரிப்பு அறையில் 8×10⁻¹⁰. படிகத்துக்கு ஆர்கான் ஸ்பட்டர் (அயனிகளால் மோதி அழுக்கை அகற்றுவது) 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் 15 நிமிடம், பிறகு 450 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் அனீல் (சூடாக்கி மேற்பரப்பைச் சீராக்குவது). இதுபோல மூன்று சுற்று. படியவைக்கும் முன் எடுத்த படத்தில் ஹெர்ரிங்போன் வரிகள் (சுத்தமான தங்கம் (111) காட்டும் வளைந்து செல்லும் வரிகள்) நன்றாகவே தெரிந்தன, படி விளிம்புகளும் (ஓர் அணு உயர மேடைகளின் ஓரங்கள்) கூர்மையாக இருந்தன.

ஆவியாக்கி இங்கேயே செய்தது. குவார்ட்ஸ் குழாய், அதைச் சுற்றி டான்டலம் கம்பி, அடியில் கே வகை தெர்மோகப்பிள். 380 டிகிரியில் ஷட்டரை 3 நிமிடம் திறந்தோம். அப்போது தயாரிப்பு அறையின் அழுத்தம் 5×10⁻⁸ வரை ஏறியது. 6 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் மானிட்டர் (மேலே படியும் நிறைக்கு ஏற்ப அதிர்வெண் குறையும் படிகம்) காட்டிய மொத்த மாற்றம் 2 ஹெர்ட்ஸ். அதுவும் ஷட்டர் திறந்ததும் முதலில் எதிர்த்திசையில் போய், பிறகுதான் இறங்கியது. அந்த எண்ணை நம்பலாமா என்பதே சந்தேகம்.

அதன்பின் +1 வோல்ட், 100 பிகோஆம்பியரில் ஸ்கேன் செய்தால் மேடைகள் முழுக்க ஸ்கேன் திசையில் குறுக்குக் கோடுகள். படி விளிம்புகள் மட்டும் தடித்துத் தெரிகின்றன. வேறு டிப் (ஊசிமுனை) போட்டாலும் அதே கதி. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்ரயிலும் சரக்கு ரயிலும் பக்கத்திலேயே போவதால் அதிர்வுதான் காரணம் என்பது கூடத்தில் ஒரு கருத்து. டிப் மேல் பழி போடுபவர்களும் உண்டு, பொடி சுத்தமில்லை என்பவர்களும் உண்டு. குளிர்விக்க வசதி இருக்கிறது, இன்னும் பயன்படுத்தவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பொன்தளம்

ரயிலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஹெர்ரிங்போன் வரிகளின் உயரம் 0.02 நானோமீட்டர் அளவுதான். படுத்திருக்கும் தாலோசயனைன் அதைப்போல் பல மடங்கு உயரமாகத் தெரியும். சிறியதைக் காட்டிய கருவி பெரியதைக் காட்டவில்லை என்றால் அதிர்வு காரணமாக இருக்க முடியாது. வேறு டிப்பிலும் அதே படம் வந்ததால் டிப்பும் முதல் சந்தேகம் இல்லை.

மூலக்கூறுகள் மேடையில்தான் இருக்கின்றன, ஆனால் ஓடிக்கொண்டிருக்கின்றன. தங்கம் (111) அடர்த்தியாக அடுக்கிய, வழவழப்பான, வேதியியல் ரீதியாக மந்தமான முகம். தட்டையான அரோமாட்டிக் மூலக்கூறு அதில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் பக்கவாட்டில் நகர்வதற்கான தடை மிகச் சிறியது. சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்போல ஓடும். தடை 0.3 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொண்டு, முயற்சி அதிர்வெண் 10¹³ என்று போட்டால், 300 கெல்வினில் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் 9 கோடி முறை தாவும். நீங்கள் ஒரு வரியை ஸ்கேன் செய்ய ஒரு நொடி எடுக்கும். டிப்புக்கு அடியில் மூலக்கூறு வந்து போகும் ஒவ்வொரு கணமும் ஒரு சிறு கீறலாகப் பதிகிறது. ஸ்கேன் வேகத்தைக் கூட்டினாலும் இந்த இடைவெளியை எட்ட முடியாது. படி விளிம்பில் ஒருங்கிணைவு குறைந்த அணுக்கள் இருப்பதால் அங்கே மட்டும் மூலக்கூறு சிக்கி நிற்கும். உங்கள் படத்தில் விளிம்பு தடித்ததற்குக் காரணம் அதுதான்.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. மேடையின் நடுவில் டிப்பை நிறுத்துங்கள், ஃபீட்பேக்கை (டிப்பின் உயரத்தைத் தானே சரிசெய்யும் சுற்று) அணைத்துவிட்டு அரை நொடி, ஒரு நொடிக்கு மின்னோட்டத்தைப் பதிவு செய்யுங்கள். மூலக்கூறு ஓட்டம் என்றால் அடித்தள மின்னோட்டத்தின் மேல் ஒழுங்கற்ற துள்ளல்கள் வரும். அதிர்வு என்றால் ஃபூரியர் மாற்றத்தில் குறிப்பிட்ட அதிர்வெண்களில் கம்பங்கள் எழும். 50 ஹெர்ட்ஸ் என்றால் மின்சார இணைப்பு, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் கட்டடமும் வண்டிகளும். சுத்தமான தங்கத்தில் எடுத்த பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இப்போது அந்த 2 ஹெர்ட்ஸ். நிறைந்த ஓரடுக்கில் தாமிர தாலோசயனைன் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டமாக அடுக்கும். மூலக்கூறு ஒன்றுக்கு 1.96 சதுர நானோமீட்டர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 5.1×10¹³ மூலக்கூறு. மூலக்கூறு நிறை 576. பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 49 நானோகிராம் வரும். 6 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் 1 ஹெர்ட்ஸ் மாற்றம் சுமார் 12.3 நானோகிராமுக்குச் சமம். ஆக, ஓரடுக்கு முழுவதும் சேர்ந்தே 4 ஹெர்ட்ஸ்தான். மானிட்டரும் மாதிரியும் ஆவியாக்கியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் உங்களுடையது அரை அடுக்கு. தங்கத்தில், அறை வெப்பநிலையில், அரை அடுக்கில் கோடுகள்தான் வரும். வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது.

முதலில் எதிர்த்திசையில் போனது ஆவியாக்கியின் வெப்பக் கதிர் படிகத்தைச் சூடாக்கியதால். சில ஹெர்ட்ஸ் அளவுக்கு இது இழுக்கும், நீங்கள் அளக்க நினைப்பதும் சில ஹெர்ட்ஸ்தான். மானிட்டருக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு ஓடட்டும். மூன்று நிமிட வித்தியாசத்தை எடுக்காதீர்கள். க்ரூசிபிள் (பொடி இருக்கும் குழாய்) வெப்பநிலையை ஒரே நிலையில் பிடித்து, மாதிரி இல்லாமல் அரை மணி நேரம் மானிட்டரில் மட்டும் படியவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தை ஒதுக்கிவிட்டு மீதியின் சாய்வை எடுத்தால் அதுதான் உங்கள் வீதம். 10 நிமிடத்துக்கு ஓரடுக்கு, அதாவது நிமிடத்துக்கு 0.4 ஹெர்ட்ஸ், வேலை செய்ய வசதியான வேகம். மானிட்டர் தடிமனாகக் காட்டினால் அடர்த்தி 1.6 என்று கொடுங்கள், ஓரடுக்கு 0.3 நானோமீட்டராக வரும். மாதிரியும் மானிட்டரும் ஒரே தூரத்தில் இல்லையென்றால் தூரத்தின் வர்க்கத்தால் திருத்த மறக்க வேண்டாம். 10 சென்டிமீட்டருக்கும் 12 சென்டிமீட்டருக்கும் இடையே 44 சதவீத வித்தியாசம் இருக்கிறது.

இனி வழி இரண்டு. ஒன்று, நிரப்பை முழு அடுக்குக்குக் கொண்டுபோவது. நெரிசலில் நகர இடமில்லாமல் மூலக்கூறுகள் தாமாகவே சதுரக் கட்டத்தில் பூட்டிக்கொள்ளும், அறை வெப்பநிலையிலேயே ஒவ்வொரு மூலக்கூறின் நான்கு இதழ்களும் தெரியும். இன்னொன்று, குளிர்விப்பது. அதே 0.3 கணக்கை 77 கெல்வினுக்குப் போட்டால் ஒரு தாவலுக்கு ஏறத்தாழ 50 நாள் ஆகும். இரண்டையும் செய்யுங்கள், ஆனால் முதலில் முழு அடுக்கு. அதற்கு நைட்ரஜன் செலவில்லை, உங்கள் அளவுத்திருத்தத்தையும் அதுவே சரிபார்த்துக் கொடுத்துவிடும்.

ராயபுரம் வெற்றிடம்

பொன்தளம் சார் சொன்ன காரணத்தை ஏற்கிறேன். ஆனால் அந்த 5×10⁻⁸-ஐ அப்படியே விட்டுப்போக மனமில்லை. 10⁻⁶ மில்லிபாரில் சில நொடிகளில் ஓரடுக்கு அளவு வாயு மேற்பரப்பில் மோதும். 5×10⁻⁸-இல் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின். மூன்று நிமிடத்தில் பல அடுக்கு அளவு கழிவு உங்கள் படிகத்தின் மேல் மோதியிருக்கிறது. தங்கம் என்பதால் தண்ணீரும் கார்பன் மோனாக்சைடும் அறை வெப்பநிலையில் ஒட்டாமல் போய்விடும். இதே அழுத்தத்தில் பிளாட்டினத்திலோ நிக்கலிலோ செய்தால் மூலக்கூறுக்கு இடமே மிஞ்சாது. மேலும் பொடியிலிருந்து வருவது தண்ணீர் மட்டுமல்ல. தாலோசயனைனைத் தயாரிக்கும் தாலோநைட்ரைல் மிஞ்சியிருந்தால் அதுவும் அரோமாட்டிக்தான், தங்கத்தின் மேல் சிறிது நேரம் உலாவும், கோடுகளைக் கூட்டும்.

எஞ்சிய வாயு பகுப்பானை (அறையில் உள்ள வாயுக்களை மூலக்கூறு நிறைவாரியாகக் காட்டும் கருவி) ஓடவிட்டுப் பாருங்கள். 18-உம் 28-உம் தண்ணீர், கார்பன் மோனாக்சைடு. 44 கார்பன் டை ஆக்சைடு. 128-இல் கம்பம் எழுந்தால் தாலோநைட்ரைல். உங்கள் பகுப்பானின் எல்லை 200 அல்லது 300 என்றால் 576-இல் இருக்கும் தாலோசயனைனை அது காட்டவே காட்டாது. எனவே "மாஸில் ஒன்றும் வரவில்லை, பொடி தீர்ந்துவிட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம்.

அழுத்தத்தைக் குறைக்க வாயு நீக்கம் ஒன்றுதான் வழி. பொடியை உள்ளே வைத்து, பேக்-அவுட் (அறை முழுவதையும் சூடாக்கிச் சுவரில் உள்ள வாயுவை வெளியேற்றுவது) முடிந்ததும், ஷட்டர் மூடிய நிலையில், மாதிரி அந்த அறையில் இல்லாதபோது ஏற்றத் தொடங்குங்கள். 200 டிகிரி வரை நிமிடத்துக்கு 5 டிகிரிக்கு மேல் வேண்டாம். அழுத்தம் 1×10⁻⁸-ஐத் தாண்டினால் ஏற்றுவதை நிறுத்திக் காத்திருங்கள். 200-க்கு மேல் இன்னும் மெதுவாக. ஆவியாகும் வெப்பநிலைக்கு 30 டிகிரி கீழே இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் 2×10⁻⁹-க்குள் வந்திருக்கும். அதன்பின் இயக்க வெப்பநிலைக்கு 10 டிகிரி மேலே அரை மணி நேரம், மறுபடி கீழே இறக்கி, பிறகுதான் மாதிரியைக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் பொடிக்குள் அடைபட்ட வாயு வெடித்துப் பொடியையே வெளியே தள்ளும். மாதிரியின் மேல் சில நூறு நானோமீட்டர் கட்டிகள் கிடந்தால் அதுதான் காரணம். அந்தப் படிகத்தை ஸ்பட்டர் செய்தாலும் எளிதில் சுத்தமாகாது.

க்ரூசிபிளைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உள்விட்டம் 5 அல்லது 6 மில்லிமீட்டர், நீளம் 25 மில்லிமீட்டர் குழாய்க்கு 50 மில்லிகிராம் தாராளம், மாதக்கணக்கில் வரும். கம்பிச் சுற்று வாய்ப்பக்கம் நெருக்கமாகவும் அடிப்பக்கம் தளர்வாகவும் இருக்கட்டும். வாய் குளிர்ந்திருந்தால் ஆவி அங்கேயே படிந்து ஊசிகளாக வளர்ந்து துளையை அடைத்துவிடும். வீதம் நாளுக்கு நாள் குறைகிறது, வெப்பநிலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்.

தெர்மோகப்பிள் காட்டும் 380-ஐ வேறு யாருடைய 380-ஓடும் ஒப்பிட வேண்டாம். குழாயின் வெளியே தொட்டுக்கொண்டிருக்கும் இணைப்பு, பொடியின் உண்மை வெப்பநிலையிலிருந்து 50 டிகிரி கூட விலகும். தாமிர தாலோசயனைன் பெரும்பாலான ஆவியாக்கிகளில் 350 முதல் 400 வரை வேலை செய்யும். உங்களுக்கு எது என்பதை மானிட்டர்தான் சொல்ல வேண்டும். அருகில் வேறு மூலக்கூறு வைத்தால் அதற்குத் தனிக் குழாய், நடுவே டான்டலம் தகட்டுத் தடுப்பு.

பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சு மைக்கும் பெயின்ட்டுக்கும் போகும் நீல நிறமியும் இதே சேர்மம்தான், பாரிமுனைப் பக்கம் நிறமிக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். அதை வெற்றிடத்துக்குள் வைக்கவே கூடாது. துகள் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் ரெசினும் மேற்பூச்சும் அறைச் சுவர் முழுக்கப் பரவிவிடும். பதங்கமாக்கித் தூய்மை செய்தது என்று குறிப்பிட்ட பொடியை வாங்குங்கள், முடிந்தால் குழாய் உலையில் இன்னொரு முறை பதங்கமாக்குங்கள். சிலிக்கா ஜெல் வைத்த டெசிகேட்டரில்தான் இருக்க வேண்டும். நம் கடலோரக் காற்றில் ஒரு வாரம் திறந்து வைத்த பொடி வாயு நீக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கேட்கும்.

அறையைத் திறக்கும்போது உலர் நைட்ரஜனால் நிரப்பி, திறந்திருக்கும் நேரம் முழுவதும் மெல்லிய ஓட்டம் வெளியே வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃபிளாஞ்சைத் திறந்து அரை மணி போட்டால் சுவரில் ஏறும் தண்ணீரை எடுக்க 150 டிகிரியில் 48 மணி நேரம் தேவைப்படும். மற்ற நாளில் 36-இல் முடியும். பேக்-அவுட்டின் கடைசியில், அறை இன்னும் 80 டிகிரியில் இருக்கும்போதே அயனி கேஜ், டைட்டானியம் பம்ப் இழைகள், ஸ்பட்டர் கன் இழை, ஆவியாக்கி எல்லாவற்றையும் வாயு நீக்கம் செய்துவிடுங்கள். குளிர்ந்த பிறகு செய்தால் அந்தக் கழிவு எல்லாம் சுவரிலேயே தங்கிவிடும்.

கொறுக்குப்பேட்டை எஸ்டிஎம்

மிக்க நன்றி. மின்னோட்டப் பதிவு எடுத்துப் பார்த்தோம். படியவைத்த மேடையில் 5 முதல் 40 பிகோஆம்பியர் வரை ஒழுங்கில்லாத துள்ளல்கள் வருகின்றன. 50 ஹெர்ட்ஸில் சிறு கம்பம் மட்டும், சுத்தமான தங்கத்தில் துள்ளல் இல்லை. பகுப்பானில் 128 தெரிகிறது, எனவே வாயு நீக்கத்தைத் தொடங்கிவிட்டோம்.

இன்னும் மூன்று கேள்வி. குளிர்வித்துப் பார்க்கும்போது வோல்டேஜ், மின்னோட்டம் எவ்வளவு வைக்கலாம், எதில் கவனம் வேண்டும்? பக்கத்துக் குழு நாப்தலீன், பென்சீன் படியவைக்க இதே ஆவியாக்கியைக் கேட்கிறது, கொடுக்கலாமா? இப்போது படிகத்தில் இருக்கும் அரை அடுக்கை வெறும் அனீல் செய்து விரட்டிவிடலாமா?

டங்ஸ்டன் முனை

படமெடுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அவர்கள் இருவரும் சொல்வார்கள்.

1 வோல்ட், 100 பிகோஆம்பியர் என்றால் இடைவெளியின் மின்தடை 10 கிகா ஓம். தங்கத்தின் மேலிருக்கும் இளகிய மூலக்கூறுக்கு இது நெருக்கம். டிப் அதைத் தள்ளும், சில நேரம் தூக்கிக்கொண்டும் போகும். 1 வோல்ட்டுக்கு 10 முதல் 20 பிகோஆம்பியர் வைத்துத் தொடங்குங்கள், அதாவது 50 முதல் 100 கிகா ஓம். முன்திசைப் படமும் பின்திசைப் படமும் ஒத்துப்போகும்வரை மின்னோட்டத்தை ஏற்றக் கூடாது. படத்தின் நடுவில் ஒரு வரியிலிருந்து திடீரென்று எல்லாம் தெளிவாகவோ மங்கலாகவோ மாறினால் டிப்பில் ஒரு மூலக்கூறு ஏறிவிட்டது அல்லது இறங்கிவிட்டது.

10 பிகோஆம்பியரில் வேலை செய்யும்போது நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் உப்பு கலந்த ஈரம் பிஎன்சி இணைப்பின் காப்புப் பகுதியிலும் ஃபீட்த்ரூவின் பீங்கானிலும் படிந்தால் பல பிகோஆம்பியர் கசிவு வரும். அது படத்தில் இரைச்சலாகத் தெரியாது. டிப்பைப் பின்னிழுத்த பிறகும் மின்னோட்டம் பூஜ்ஜியத்துக்கு வராமல் நிற்கும், வோல்டேஜை மாற்றினால் கூடவே மாறும். ப்ரீஆம்ப்ளிஃபையரின் இணைப்பைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்த காற்றால் ஊதி, திரும்பப் பூட்டுங்கள். ஏசியை இரவில் அணைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் அதிகாலையில் வியர்த்துக்கொட்டும்.

குளிர்விப்பில் வரிசை முக்கியம். மூலக்கூறை அறை வெப்பநிலையில் படியவைத்து, பிறகு குளிர்வியுங்கள். குளிர்ந்த மேற்பரப்பில் படியவைத்தால் விழுந்த இடத்திலேயே குவிந்துவிடும், அறையில் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து உறையும். எஸ்டிஎம் தலையையும் கவசத்தையும் முதலில் குளிர்விக்க வேண்டும், கவசம் 90 கெல்வினுக்குக் கீழே வந்த பிறகே மாதிரியை உள்ளே கொண்டுபோக வேண்டும். அப்போது எஞ்சிய தண்ணீர் கவசத்தில் உறையும், மாதிரி தப்பிக்கும். வெப்பநிலை நிலைத்த பின்னும் ட்ரிஃப்ட் (படம் மெல்ல நகர்வது) அடங்க ஒன்றிரண்டு மணி நேரம் கொடுங்கள்.

குளிரில் பீசோவின் (டிப்பை நகர்த்தும் பகுதி) உணர்திறன் கணிசமாகக் குறையும். அறை வெப்பநிலை அளவுத்திருத்தத்தோடு அளந்தால் மூலக்கூறு தவறான அளவில் வரும். பக்கவாட்டுக்கு ஹெர்ரிங்போனின் 6.3 நானோமீட்டர் இடைவெளியும், உயரத்துக்குத் தங்கத்தின் 0.235 நானோமீட்டர் படியும் கையிலேயே இருக்கும் அளவுகோல்கள். அவற்றை வைத்துத் திரும்பத் திருத்துங்கள்.

நைட்ரஜன் கொதிப்பதும் அதிர்வுதான். ஓட்ட வகைக் கிரையோஸ்டாட் (குளிர்விக்கும் கலம்) என்றால் ஓட்டத்தைக் குறைத்து ஹீட்டரால் நிலைநிறுத்துவது நல்லது. தொட்டி வகை என்றால் மேலே பம்ப் செய்து நைட்ரஜனையே 63 கெல்வினில் உறைய வைத்துவிட்டால் குமிழி நின்றுவிடும். டர்போ பம்பை நிறுத்தி, கேட் வால்வை மூடி, அயனி பம்பில் மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். ரயில் அதிர்வு இங்கேதான் கணக்குக்கு வரும். காற்றுக் கால்களின் ஒத்ததிர்வு 1 முதல் 2 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் வருவதை அவை நன்றாக வடிகட்டும். ஆனால் கேபிளோ நைட்ரஜன் குழாயோ விறைப்பாகச் சுவரில் கட்டியிருந்தால் கால்களுக்கு வேலையே இல்லை. எல்லாக் கேபிளுக்கும் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். நைட்ரஜன் வண்டி எண்ணூர் நெடுஞ்சாலைக் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்வது நாம் எல்லாரும் அறிந்தது. டியூவரில் ஒரு நாள் கூடுதல் இருப்பு இல்லாமல் குளிர்விப்பைத் தொடங்க வேண்டாம். பாதியில் சூடாகும் கவசம் தன் மேல் உறைந்த தண்ணீரை எல்லாம் மாதிரியின் மேல் விடும்.

வோல்டேஜ், மாதிரியின் பக்கம் என்று வைத்துச் சொல்கிறேன். −1.5-இலும் +1-இலும் ஒரே இடத்தை எடுங்கள், எலக்ட்ரான் நிரம்பிய நிலையும் காலி நிலையும் வேறுபடும். தாமிர தாலோசயனைனில் நான்கு இதழ் பிரகாசமாகவும் நடு மங்கலாகவும் வர வேண்டும். கோபால்ட் தாலோசயனைனில் நடு பிரகாசமாக இருக்கும். கோபால்ட்டில் மேற்பரப்புக்குச் செங்குத்தான டி ஆர்பிட்டால் பாதி நிரம்பி ஃபெர்மி மட்டத்துக்கு (எலக்ட்ரான்கள் நிரம்பும் மேல் எல்லை) அருகே நிற்கிறது, தாமிரத்தில் அப்படி இல்லை. உங்கள் படத்தில் சில மூலக்கூறுகளின் நடு மட்டும் பிரகாசமாக இருந்தால் டிப் இரட்டையாகிவிட்டதா என்று பாருங்கள், இல்லையென்றால் பொடியில் வேறு உலோகம் கலந்திருக்கிறது.

பென்சீன் வளையங்கள் தனித்தனியாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2009-இல் வந்த பென்டசீன் படத்தில் ஐந்து வளையமும் தெரிந்ததற்குக் காரணம், அது 5 கெல்வினில், முனையில் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஏற்றி, தொடாத அணுவிசை நுண்ணோக்கியால் எடுத்தது. உலோகத்தின் மேல் எஸ்டிஎம் காட்டுவது உலோகத்தோடு கலந்து விரிந்த எலக்ட்ரான் நிலைகளை. இதழ்கள் தெரிந்தாலே உங்கள் வேலை சரியாக இருக்கிறது என்று பொருள்.

டிப்பைச் சீராக்கும் வேலையை மூலக்கூறு அடுக்கின் மேல் செய்யக் கூடாது. படியவைப்பதற்கு முன்பே, வெறும் தங்கத்தில், 3 முதல் 5 வோல்ட் பல்ஸ் சில மில்லிநொடி, அல்லது 1 நானோமீட்டர் மெல்ல அழுத்தி எடுப்பது. படி விளிம்பு ஒற்றையாக, கூர்மையாக வரும்வரை செய்யுங்கள். 0.25 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கம்பியை 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அரித்துச் செய்த டிப் என்றால் அதன் மேல் ஆக்சைடு இருக்கும். வெற்றிடத்தில் எலக்ட்ரான் தாக்கத்தால் சூடாக்கி நீக்காமல் நுழைக்காதீர்கள்.

ராயபுரம் வெற்றிடம்

நாப்தலீனுக்கு உங்கள் ஆவியாக்கியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி அழுத்தம் 0.1 மில்லிபார் அளவு. க்ரூசிபிளில் வைத்துப் பம்பை ஓடவிட்டால் பேக்-அவுட் வரை போக வேண்டியதில்லை, அன்றைக்கே எல்லாம் பம்புக்குள் போய்விடும், அறைச் சுவரும் வீண். அந்த்ரசீனும் பேக்-அவுட்டைத் தாங்காது. பென்டசீனையும் 150 டிகிரியில் அறையோடு சேர்த்துச் சுட்டால் மெல்ல இழப்பீர்கள், அந்த ஆவியாக்கியைத் தனி கேட் வால்வுக்குப் பின்னால் வைக்க வேண்டும். தாலோசயனைன் மட்டும்தான் இந்த வகையில் தொல்லை தராதது.

நாப்தலீன், பென்சீன் போன்றவற்றுக்கு லீக் வால்வு (வாயுவை மிகச் சிறு அளவில் உள்ளே விடுவது). சிறு கண்ணாடிக் குடுவையில் எடுத்து, அதைத் தனி பம்பால் காலி செய்யும் சிறு குழாய் அமைப்பில் பூட்டுங்கள். பென்சீன் என்றால் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்ப் செய்து, வால்வை மூடி, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பது மூன்று முறை. கரைந்திருக்கும் காற்று அப்போதுதான் போகும். நாப்தலீன் திடப்பொருள், சிறிது நேரம் பம்ப் செய்தாலே போதும். மருந்தளவு லாங்மியரில்: 10⁻⁶ டார் அழுத்தத்தில் ஒரு நொடி என்பது 1 லாங்மியர். மில்லிபாரில் படிக்கும் கேஜ் என்றால் 1.33 மடங்கு திருத்தம். கேஜ் நைட்ரஜனுக்கு அளவுத்திருத்தம் செய்தது, பென்சீனுக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுதலாகக் காட்டும், அதால் வகுத்துக்கொள்ளுங்கள். பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது. குடுவை நிரப்புவதும் ரஃப் பம்பின் வெளியேற்றுக் குழாயும் புகைப்போக்கிக்குள் இருக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது.

அவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: அறை வெப்பநிலையில் தங்கத்திலோ வெள்ளியிலோ தாமிரத்திலோ பென்சீன் தங்காது, குளிர்வித்த மாதிரிதான் வேண்டும். 1988-இல் ஐபிஎம் அல்மடன் ஆய்வகத்தில் பென்சீனை முதன்முதலில் எஸ்டிஎம்-இல் வளையமாகப் பார்த்தபோது ரோடியம் (111) மேல், கார்பன் மோனாக்சைடோடு சேர்த்துப் படியவைத்தார்கள். கார்பன் மோனாக்சைடு இடைவெளிகளில் அமர்ந்து பென்சீனை ஒழுங்கான கட்டத்தில் பிடித்து வைத்தது. அடுத்த ஆண்டு தாமிர தாலோசயனைனைத் தெளிவாகக் காட்டிய படமும் தாமிரம் (100) மேல் எடுத்தது, அந்த முகம் மூலக்கூறை இறுக்கமாகப் பிடிக்கும். குளிர்விப்பு தடைபட்டுத் தனி மூலக்கூறுதான் வேண்டும் என்றால் நீங்களும் அந்தப் படிகத்தை யோசிக்கலாம்.

பொன்தளம்

மூன்றாவது கேள்விக்கு: வெறும் அனீல் போதாது. தாலோசயனைனின் முதல் அடுக்கு மேலடுக்குகளைவிட இறுக்கமாக ஒட்டியிருக்கும். 450-க்கு ஏற்றினால் ஒரு பகுதி கிளம்பும், ஒரு பகுதி உடைந்து கார்பனாகும். தங்கத்தில் கார்பன் கரையாது, படி விளிம்பிலும் ஹெர்ரிங்போன் வளையும் முழங்கைகளிலும் சிறு குவியல்களாக நிற்கும். அடுத்த முறை மூலக்கூறுகள் அவற்றைச் சுற்றித்தான் கூடும், நீங்கள் அதை ஒழுங்கமைப்பு என்று தவறாகப் படிக்கக்கூடும். ஸ்பட்டர் முதலில், அனீல் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

ஸ்பட்டர் சரியாக நடக்கிறதா என்பதை மாதிரி மின்னோட்டத்தால் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோஆம்பியர், 15 நிமிடம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2.8×10¹⁶ அயனி, அதாவது மேற்பரப்பு அணு ஒன்றுக்கு 20 அயனி. ஓரடுக்குக் கரிமத்தை எடுக்க இது தாராளம். மின்னோட்டம் 1 மைக்ரோஆம்பியருக்குக் கீழே என்றால் கன் திசை தவறியிருக்கிறது அல்லது ஆர்கான் போதவில்லை. ஆர்கான் 99.999 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிலிண்டர் மாற்றியதும் குழாயை மூன்று முறை காலி செய்து நிரப்புங்கள், இல்லையேல் குழாயில் இருந்த காற்றையே அயனியாக்குவீர்கள்.

128 அடங்கி, படியவைக்கும்போது அழுத்தம் 2×10⁻⁹-க்குள் நின்ற பிறகு, நிமிடத்துக்கு 0.4 ஹெர்ட்ஸ் வீதத்தில் 10 நிமிடம் கொடுங்கள். படிகம் அறை வெப்பநிலையில் இருக்கட்டும், ஸ்பட்டர்-அனீலுக்குப் பின் குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிட்டு. படத்தில் 1.4 நானோமீட்டர் சதுரக் கட்டமும் நடுநடுவே கோடு நிறைந்த திட்டுகளும் சேர்ந்து வந்தால் இன்னும் ஓரடுக்கு நிறையவில்லை, ஒரு நிமிடம் கூட்டுங்கள். கட்டம் முழுக்க இருந்து அதன் மேல் கோடுகள் ஓடினால் இரண்டாம் அடுக்கு தொடங்கிவிட்டது. அப்போது புதிதாகத் தொடங்க வேண்டாம். 250 டிகிரியில் தொடங்கி 10 டிகிரிப் படிகளாக, ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் சூடாக்கி, இடையிடையே படமெடுத்துப் பாருங்கள். மேலடுக்கு முதலில் கிளம்பும், கீழடுக்கு நிற்கும். எந்த வெப்பநிலையில் கோடுகள் மறைந்து கட்டம் மிஞ்சுகிறதோ அதைக் குறித்து வையுங்கள். அதன்பின் அதிகமாகப் படியவைத்து, அந்த வெப்பநிலைக்குச் சூடாக்கியே ஒவ்வொரு முறையும் சரியான ஓரடுக்கு எடுக்கலாம், மானிட்டரின் அந்த 4 ஹெர்ட்ஸோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

முழு அடுக்குப் படம் கிடைத்ததும் முன்திசை, பின்திசை இரண்டையும் இங்கே ஏற்றுங்கள். கட்டத்தின் அச்சு ஹெர்ரிங்போன் வரிகளோடு என்ன கோணத்தில் நிற்கிறது என்பதையும் அளந்து போடுங்கள். படிகத்தின் மேல் எத்தனை திசைக் களங்கள் (வேறு வேறு திசையில் நிற்கும் கட்டப் பகுதிகள்) வந்திருக்கின்றன என்பதை அதிலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.